கவிழ்த்த மங்குகள்

பாட்டி தோட்டத்தை விட்டு வரும்போது கொண்டு வந்தவை அதிகமில்லை. ஒரு தகரப் பெட்டி, அம்மிக்கல், ஒரு கோணியில் பதினாறு மங்குகள். 1996இல் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது நடந்தது இது. அந்தக் கோணி கிள்ளானில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் அப்படியே கிடந்தது.

தோட்டம் பார்க்காத தோழர்களுக்காக ஒரு வார்த்தை. மங்கு என்பது பால்மரத்தில் கம்பி வளையத்தில் தொங்கும் கிண்ணம். உளி கீறிய கோட்டில் வழியும் பால் அதில்தான் வந்து சேரும். எங்களிடம் இருப்பவை சுட்ட மண். உள்ளே பீங்கான் போன்ற மெருகு.

கடந்த விடுமுறையில், பழைய பொருள்களைக் கொண்டு வீட்டை அழகுபடுத்தும் ஆசை என்னையும் பிடித்தது. கறுத்து இறுகிய பழம்பாலைச் சுரண்டிக் கழுவி, ஆறு மங்குகளை வரவேற்பறைச் சுவரில் மாட்டினேன். நீர் ஊற்றி மணிபிளாண்ட் கொடிகளை வைத்தேன். அம்மா பாராட்டினார். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஆறும் கவிழ்ந்திருந்தன. கொடிகள் வாளியில் கிடந்தன. எனக்குக் கோபம்.

“ஏன் பாட்டி இப்படிச் செஞ்சீங்க?”

“பால் வெட்டாத நாள்ல மங்கு கவுந்துதாம்மா இருக்கணும். தண்ணி நின்னா கொசு வரும், பாலும் கெட்டுப் போவும். தண்டலு பாத்தா அரைப்பேருதான் போடுவான்.” சற்று நேரம் கழித்து, “நாலு மணிக்கு எழுந்து பெரட்டுக்கு ஓடுவேன். உங்கம்மாவ ஆயாக் கொட்டகையில விட்டா அவ அழுவுற சத்தம் நெரை வரைக்கும் காதுலயே நிக்கும். அத எதுக்குச் சுவத்துல மாட்டி வச்சுப் பாக்கணும்?” என்றார்.

இருபது வயதுக்கு மேல் ஆகியும் அந்தக் கோணியைப் பற்றி நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஏடிஸ் கொசுவைப் பற்றிப் பள்ளியில் படித்தது என்ன பயன்?

கொடிகளை மண்தொட்டிக்கு மாற்றினேன். கவிழ்ந்த மங்கைப் பார்த்தபோதுதான் விளக்கு மூடி நினைவுக்கு வந்தது. இம்முறை பாட்டியிடம் கேட்டுவிட்டுத் தொடங்கினேன்.

அடியில் துளையிடுவதுதான் பாடு. முதல் இரண்டும் பிளந்துபோயின. காங்கிரீட் சுவருக்கான அதிர்வு முறையில் டிரில்லை ஓட்டியது என் தவறு. பாட்டி திட்டவில்லை; துண்டுகளைப் பொறுக்கிவிட்டு, “ஈர மணல்ல கவுத்து வை, ஆடாது” என்றார். ஓடு துளைக்கும் முனையை மாட்டி, வழுக்காமலிருக்க ஒட்டுநாடா ஒட்டி, சொட்டுச் சொட்டாக நீர்விட்டு, அழுத்தாமல் மெதுவாகத் துளைத்தேன். மூன்றாவது பிழைத்தது. மின்வேலை தெரிந்த மாமா வயரும் சின்ன எல்.ஈ.டி. பல்பும் பொருத்தித் தந்தார். சாப்பாட்டு மேசைக்கு மேலே மூன்று மங்குகள் தொங்குகின்றன. மீதி பதினொன்றையும் பாட்டியே பின்கட்டு அலமாரியில் கவிழ்த்து அடுக்கினார்.

இன்றும் அவர் விடியற்காலை நான்கு மணிக்கு விழித்துவிடுவார். முதலில் போடுவது அந்த விளக்கைத்தான். மின்கட்டணம் ஏறுகிறது என்று அம்மா முணுமுணுப்பார்; ஆனால் எழுந்துபோய் அணைக்க மாட்டார்.