கூண்டு நீங்கிய கோழிகள்

மார்கழி 18

நாமக்கல் வட்டாரத்தில் வாழ்பவர்க்குக் கோழிப்பண்ணை புதிதன்று. ஏறக்குறைய 72 வாரம் முதல் 80 வாரம் வரை வளர்த்தபின், தின்னும் தீவனத்துக்கு ஈடாக இனி முட்டை கிடைக்காது என்று கணக்குப் பார்த்துக் கழிக்கப்படும் கோழிகள் இறைச்சிக்காக லாரியேறுவதும் இங்கு அன்றாடக் காட்சியே. அவ்வாறு கழித்த கூட்டத்திலிருந்து ஆறு கோழிகளை விலைகொடுத்து வாங்கி இன்று மாலை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். "விடிஞ்சா லாரி வந்துருமுங்க, வேணுங்கறதை இப்பவே புடிச்சுக்குங்க" என்றார் பண்ணையில் வேலை பார்ப்பவர்.

அவை இருந்த கம்பிக் கூண்டு ஒன்றேகால் அடி அகலமும் ஓரடி ஆழமும் உடையது. அதற்குள் மூன்று கோழிகள். பங்கிட்டுப் பார்த்தால் ஒரு ஜீவனுக்குக் கிடைத்தது 60 சதுர அங்குலம். நாம் விண்ணப்பம் எழுதும் வெள்ளைத்தாளின் பரப்பில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. முற்றம் முழுவதும் திறந்து கிடந்தும், இறக்கிவிட்ட இடத்திலேயே ஆறும் ஒன்றையொன்று நெருங்கி நின்றனவேயன்றி, ஓரடி எடுத்து வைக்க ஒன்றுக்கும் துணிவு வரவில்லை.

மார்கழி 23

அந்தி சாய்ந்ததும் உயரமான இடம் தேடி ஏறி அடைவது கோழியின் சுபாவம். ஆனால் கம்பித் தளத்திலேயே நின்று வளர்ந்த இவை, இருட்டியதும் கொடாப்பின் மூலையில் ஒடுங்கிவிடுகின்றன. ஒரு முட்டையின் ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடுமாறு பெருக்கப்பட்ட இந்த வெள்ளை லெகான் கலப்பினம், தீவனத்தில் பற்றாததைத் தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கிறது. நடமாட்டமும் இல்லாமையால் எலும்பு மேலும் வலுவிழந்து, கூண்டிலிருந்து தூக்கும்போதே முறிந்துவிடுவதும் உண்டு. ஆகையால் சிறகையோ காலையோ பற்றாமல், உடலை இரு கைகளாலும் ஏந்தி, முக்கால் அடி உயரத்தில் கட்டிய வேப்பங்கொம்பின் மீது ஒவ்வொன்றாக அமர்த்துகிறோம். கிளிஞ்சல் தூளும் முருங்கைக்கீரையும் நாள்தோறும் வைக்கிறோம். குஞ்சுப் பருவத்திலேயே சூடேற்றிய தகட்டினால் அலகின் நுனி வெட்டப்பட்டிருப்பதால், இறைத்த தானியத்தைக் கொத்தி எடுக்க இவை சிரமப்படுகின்றன. கம்பையும் நொய்யையும் ஈரமாகப் பிசைந்து, ஆழமான சட்டியில் வைத்தால் திருப்தியாக உண்கின்றன.

தை 6

இன்று கண்டதை எழுதாமல் உறங்க மனம் வரவில்லை. கொய்யா மரத்தடியில் வெயில் பட்டுக் காய்ந்த புழுதியில், குழந்தைகள் வெள்ளச்சி என்று பெயரிட்ட கோழி, முதலில் காலால் சீய்த்துப் பள்ளம் பறித்து, பிறகு அதில் ஒருக்களித்துப் படுத்து, சிறகுகளை விரித்து மண்ணை வாரி இறகுகளின் அடிவரை செலுத்தி, நெடுநேரம் புரண்டு எழுந்து, உடலைச் சிலிர்த்து உதறிற்று. பேன், செள்ளு முதலியவற்றைப் போக்கிக்கொள்ளக் கோழி செய்யும் ஸ்நானம் இது. வெள்ளச்சி பொரிப்பகத்தின் இயந்திரச் சூட்டில் பிறந்தது. தாயின் சிறகை அறியாதது. சென்ற மாதம்வரை மண்ணையே மிதியாதது. இதற்கு இதைக் கற்பித்தவர் எவர்? வீட்டுக்கோழிகளுக்கெல்லாம் முதன்மையான மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. அது மூங்கிற் புதர்களின் அடியில் சருகைக் கிளறித் திரிந்த ஆதி நாளின் அறிவு, எத்தனையோ தலைமுறைக் கூண்டுகளுக்குப் பின்னும் இவற்றின் உடலில் அழியாமல் இருக்கிறது. மறுநாளைக்குக் காத்திராமல் மற்ற ஐந்தும் அதே பள்ளத்துக்கு வந்து சேர்ந்தன.

தை 25

முற்றமெங்கும் இறகு. பண்ணையில் விளக்கேற்றி நாளொன்றுக்குப் பதினாறு மணி நேர வெளிச்சம் தருவது வழக்கம். மார்கழிப் பகலோ பன்னிரண்டு மணிக்கும் குறைவு. வெளிச்சம் குறைந்ததும் கருப்பை ஓய்வு கொள்ள, பழைய இறகு உதிர்ந்து புதியது முளைக்கத் தொடங்கியிருக்கிறது. இறகு பெரும்பாலும் புரதத்தால் ஆனது. அதற்காகவே பழைய பானையில் கிழிந்த சாக்கும் காய்ந்த சாணமும் திணித்து, நீர் தெளித்து, மாலையில் வேலியோரம் கவிழ்த்து வைத்து, காலையில் சேர்ந்திருக்கும் கரையானை உதறிப் போடுகிறோம்.

பக்கத்து வீட்டு ஆத்தா வேலிக்கு அப்பால் நின்று பார்த்துவிட்டு, "முட்டையே வெக்காத கோழிக்கு இத்தனை தீனியா, கண்ணு?" என்று கேட்டார். "இத்தனை நாளா வெச்சுதுங்களே ஆத்தா" என்றேன். சற்று யோசித்த அவர், மாலையில் ஒரு கிண்ணம் கம்பு கொண்டுவந்து கொடுத்தார்.

மாசி 14

வெயில் ஏறுமுன் வெள்ளைக் கழிச்சலுக்கு மறுபடியும் தடுப்பூசி போட்டாயிற்று. கீரி நுழையாதபடி கொடாப்பின் அடியைக் கல்லால் கட்டியாயிற்று. எனினும் இன்று ஒரு கோழி இறந்தது. கருமுட்டை குழலில் இறங்காமல் வயிற்றுக்குள்ளேயே சிதறி அழற்சி கண்டிருக்கிறது என்றார் கால்நடை மருத்துவர். ஓயாமல் முட்டையிடும் இனங்களில் இது அடிக்கடி நேர்வதே. காட்டுக்கோழி ஆண்டுக்குச் சுமார் பத்துப் பதினைந்து முட்டையே இடுகிறது என்பதை நினைக்கும்போது, நாம் இந்த உடலிடம் எவ்வளவு கேட்டுவிட்டோம் என்பது விளங்குகிறது. கொய்யா மரத்தடியில் புதைத்தோம், குழந்தைகள் அழுதார்கள், நானும் அழுதேன்.

பங்குனி 10

ஐந்துக்கும் வெண்மையான புது இறகு நிரம்பிவிட்டது, கொண்டை சிவந்திருக்கிறது, வேப்பங்கொம்பில் இப்போது தாமாகவே ஏறி அடைகின்றன. இரண்டு கோழிகள் மீண்டும் முட்டையிடுகின்றன.

நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடுப்புச் சட்டம், நியாயமான அளவுக்கு அசைய இடம் தராத கூண்டில் பிராணியை வைப்பது குற்றம் என்று 11-ஆம் பிரிவில் கூறுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் இத்தகைய வெற்றுக் கம்பிக் கூண்டுகளை 2012 முதல் விலக்கிவிட்டது. நம் சட்ட ஆணையமும் 2017-இல் தன் 269-ஆம் அறிக்கையை முட்டைக்கோழி, கறிக்கோழி ஆகியவற்றின் வளர்ப்பு நிலையைப் பற்றியே எழுதிற்று. ஆகவே தர்மம் இன்னது என்பதில் சந்தேகமில்லை. அதை நடத்திவைக்கும் விருப்பமே வேண்டும்.

முட்டையை நான் இகழேன். பள்ளிக்கூடத்துச் சத்துணவில் எத்தனையோ ஏழைக் குழந்தைகளின் உடலை வளர்ப்பது அது. ஆனால் நம் குழந்தைகளை வளர்த்த ஜீவனுக்குச் சிறகு விரிக்க இடமும், புரள ஒரு பிடி மண்ணும் தருவது நாம் பட்ட கடன். இதைப் படிப்பவர்களில் இயன்றவர்கள், மேய்ந்து வளரும் கோழியின் முட்டைக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுங்கள். முற்றம் உள்ளவர்கள், கழித்த கோழிகளில் இரண்டையேனும் லாரி வருமுன் கேட்டு வாங்கி வளருங்கள்.