உடையவன் பாராத பயிர்

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பெரியவரை ஒரு சனிக்கிழமை காலை டெக்சஸிலுள்ள கேட்டி என்ற ஊரின் பழைய வீதிகளுக்கு அழைத்துப் போனேன். வந்து ஒரு மாதம் ஆகியும் அவர் பார்த்திருந்தது மகனின் வீடு, இந்திய மளிகைக் கடை, கேட்டி மில்ஸ் மால் மூன்றும்தான். பழைய ஊருக்குள் வண்டியை நிறுத்தியதும் அண்ணாந்து பார்த்தார்.

"இது என்ன தம்பி, இம்புட்டு உசரமா?"

"நெல்லு காய வைக்கிற இடங்கப்பா. இங்க களத்துல கொட்டிக் காயப்போட மாட்டாங்க. ஈரத்தோடயே மெஷின்ல அறுத்து, இதுக்குள்ள ஏத்தி, காத்தை ஊதிக் காய வைப்பாங்க."

"அப்ப இது நெல்லு வெளஞ்ச ஊரா? எம்பையன் சொல்லவே இல்லியே!"

பையனுக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார். பத்து வருடமாகக் கேட்டியில் இருப்பவருக்கே ஊரின் பழங்கதை தெரியாது. அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. நம்மில் பெரும்பாலோர் பள்ளிக்கூடத்தின் தரவரிசையைப் பார்த்து இங்கே வீடு வாங்கியவர்கள். அதற்குமேல் ஊரை யாரும் நமக்கு அறிமுகப்படுத்தவில்லை, நாமும் கேட்கவில்லை.

ஹூஸ்டனுக்கு மேற்கே, ஐ-10 சாலையில் ஏறத்தாழ 30 மைலில் இருக்கிறது கேட்டி. ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர் என்ற மூன்று கவுண்டிகளும் தொட்டுக்கொள்ளும் இடம். கேன் ஐலண்ட் என்பது முதற்பெயர், ஓடையின் பெயரால் வந்தது. 1890-களில் மிசூரி-கான்சஸ்-டெக்சஸ் ரயில் பாதை இந்தப் பக்கமாக வந்தது. அந்த நிறுவனத்தை மக்கள் சுருக்கமாக 'கே-டி' என்றார்கள். அதுவே 'கேட்டி' ஆகி, 1896-இல் தபால் நிலையத்தின் பெயராகி, ஊரின் பெயராகவும் நிலைத்தது. 1900-ஆம் ஆண்டு கால்வெஸ்டனை அழித்த பெரும்புயல் இந்தச் சிற்றூரையும் தரைமட்டமாக்கியது. அதற்கு அடுத்த ஆண்டே வில்லியம் யூலி என்பவர் இங்கே முதல் நெற்பயிரைப் போட்டார். புயல் அடித்த மறுவருடம் நெல் விதைத்த ஊர் என்பதனாலேயே எனக்கு இதன்மேல் தனி மதிப்பு.

பெரியவர் விடவில்லை. நாற்று நடுவார்களா என்றார். இல்லை, நேரடி விதைப்புதான், சில இடங்களில் விமானத்திலிருந்தே தூவுவார்கள் என்றேன். அறுத்த பிறகு? தாளை விட்டு, தண்ணீர் கட்டி, மறுபடி தழைக்கவைத்து இரண்டாம் முறை அறுப்பார்கள். "மறுதாம்பா! நெல்லுலயா!" என்று நின்றுவிட்டார். அன்று முழுவதும் அவர் முகத்தில் இருந்த தெளிச்சியை எந்த மாலிலும் நான் கண்டதில்லை.

அந்த வயல்கள்தாம் இன்று நம் வீடுகள். சின்கோ ரேஞ்ச் முதற்கொண்டு நாம் பெருமையாகச் சொல்லும் குடியிருப்புகள் எல்லாம் நெல்லும் மாடும் இருந்த நிலத்தின்மேல் எழுந்தவை. 2017-இல் ஹார்வி புயல் மழையில் பார்க்கர் நீர்த்தேக்கம் பின்னோக்கிப் பெருகி வீடுகளுக்குள் புகுந்தபோது, நிலம் தன் பழைய குணத்தைக் காட்டியது என்றுதான் எனக்குத் தோன்றியது. பெயரைத் தந்த ரயிலும் இல்லை. கேட்டியிலிருந்து ஹூஸ்டனுக்குள் போன தண்டவாளத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தையும் சேர்த்து ஐ-10-ஐ அகலப்படுத்தினார்கள். 2008-இல் வேலை முடிந்தபோது, பக்கச் சாலைகளையும் கூட்டினால் சில இடங்களில் 26 தடங்கள்.

"இந்த ஊர்ல பழசுன்னு ஒண்ணுமே இல்லையே" என்று நண்பர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு வலிக்கும். இருந்தது. நாம் வந்த பிறகும் இருந்தது.

ஃபிரான்ஸ் சாலையில் 'ஃபர்பிடன் கார்டன்ஸ்' என்றொரு திறந்தவெளி அருங்காட்சியகம் 1990-களின் பிற்பகுதியில் எழும்பியது. ஹாங்காங்கில் பிறந்து சியாட்டிலில் தொழில் செய்த ஐரா பூன் என்ற செல்வந்தர், சீன வரலாற்றை இங்குள்ளவர்களுக்குக் காட்ட ஆசைப்பட்டுக் கட்டியது. பீஜிங்கின் அரண்மனை நகரம் இருபதில் ஒரு பங்கு அளவில், சின் பேரரசரின் சுடுமண் படை மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், 6,000 வீரர்கள். டெக்சஸ் சமவெளியில், வயல்களுக்கு நடுவே, வரிசை வரிசையாக ஒரு சீனப் படை! கட்டியவரின் மனசு பெரிது. ஆனால் அவர் இருந்த ஊரோ தொலைவு. கோடை வெயில், வளைகுடாவின் ஈரம், 2008 செப்டம்பரில் ஐக் புயல் என்று ஒவ்வொன்றாக வந்து தாக்கின. கூரை சிதைந்தது. 2011 பிப்ரவரியில், கிராண்ட் பார்க்வே சாலை வரப்போகிறது என்று மூடினார்கள். கடைசி நாட்களில் பொருள்களைக் கூவி விற்றார்கள். கேட்டிக்காரர்கள் வீரர்களைச் சிற்றுந்தில் ஏற்றி வீட்டுத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். படையில் ஒரு பகுதி பின்னாளில் வடக்கு ஹூஸ்டனின் லக்கி லேண்ட் பூங்காவில் மறுபடி அணிவகுத்தது.

சாலைதான் அதை முடித்தது என்று சொல்வது எளிது. என் கணக்கு வேறு. மக்கள் திரண்டு வந்து பார்த்த இடமாக, யாரோ ஒருவர் தினமும் நின்று கவனித்த இடமாக அது இருந்திருந்தால், ஊர் அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்திருக்காது.

இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. இதே பெருநகரத்தின் கிழக்குக் கோடியில் நடந்த இன்னொரு கதையைப் பல வருடமாக மனசில் வைத்திருக்கிறேன்.

கேட்டித் தமிழர்களில் பலருக்குச் சம்பளம் தருவது எண்ணெயும் வேதிப்பொருளும். அலுவலகம், எண்ணெய் நிறுவனங்கள் நிறைந்த எனர்ஜி காரிடார் பகுதியில் இருக்கும். ஆலையோ ஹூஸ்டன் கப்பல் கால்வாயை ஒட்டிப் பசடேனா, டியர் பார்க் பக்கம். ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் காலத்தில் விடியுமுன் எழுந்து 40 மைலுக்கு மேல் ஓட்டிக்கொண்டு போய், 12 மணி நேரம் நின்று, இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அப்படிப் போகிறவர்கள் கடக்கும் சாலைகளில் ஒன்று பசடேனாவின் ஸ்பென்சர் ஹைவே. அங்கேதான் 1971-இல் 'கில்லிஸ்' என்ற மதுக்கூடம் திறந்தது.

பெயரும் பாட்டும் மிக்கி கில்லியுடையவை. மிசிசிப்பியில் பிறந்த பியானோ பாடகர், ராக் அண்ட் ரோல் புகழ் ஜெர்ரி லீ லூயிஸின் உறவுச் சகோதரர். இடமும் கல்லாப்பெட்டியும் ஷெர்வுட் க்ரையருடையவை. வெல்டராக வாழ்க்கையைத் தொடங்கியவர். இருவரும் பங்காளிகள். நாட்டுப்புற இசை, ஜோடி நடனம், பியர், பில்லியர்ட்ஸ் எல்லாம் ஒரே கூரையின்கீழ் நடக்கும் இந்த மாதிரிக் கூடத்தை டெக்சஸ்காரர்கள் 'ஹாங்கிடாங்க்' என்பார்கள். பகலெல்லாம் சுத்திகரிப்பு ஆலையின் வெக்கையில் வெந்தவர்கள் தலை சீவி, தொப்பி வைத்து, பூட்ஸ் துடைத்து வந்து நிற்கிற இடம். 1974-இல் கில்லியின் பாட்டுகள் நாடெங்கும் வெற்றி பெற, கூடமும் வளர்ந்தது. கொட்டகைமேல் கொட்டகையாக இழுத்து இழுத்துக் கட்டி, ஆயிரக்கணக்கானோர் நிற்கும் அளவுக்குப் போனது. உலகின் மிகப்பெரிய ஹாங்கிடாங்க் என்று தன்னைச் சொல்லிக்கொண்டது.

ரோடியோ பயிற்சிக்கு இருந்த இயந்திரக் காளையை அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். ஏறியவரை உதறித் தள்ளும் இரும்புக் காளை. ஜல்லிக்கட்டைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது உயிரில்லாத விளையாட்டுதான். ஆனால் ஆலைத் தொழிலாளி ஒருவன் வாரமெல்லாம் குனிந்த தலையை நிமிர்த்த எட்டு வினாடி போதும் என்பது எனக்குப் புரிகிறது. ஆரன் லேதம் 1978-இல் எஸ்குவயர் இதழில் அந்தக் கூடத்தின் இளைஞர்களைப் பற்றி எழுதினார். அந்தக் கட்டுரை 1980-இல் ஜான் டிராவோல்டா நடித்த 'அர்பன் கௌபாய்' படமானது. கில்லிஸின் உள்ளேயே படம் பிடித்தார்கள். அதன்பின் நியூயார்க்கிலும் தொப்பியும் பூட்ஸும் போட ஆரம்பித்தார்கள். பசடேனாவின் ஒரு தகரக் கொட்டகை அமெரிக்காவின் உடையை மாற்றியது.

விழுந்தது எப்படி? புகழ் வந்த பிறகுதான் பராமரிப்பு போயிற்று. கூட்டம் வந்துகொண்டே இருந்ததால் செலவழிக்க வேண்டிய அவசியம் தெரியவில்லை. இடம் அழுக்கேறிச் சீர்கெட்டது. அதைச் செப்பனிட வேண்டும் என்றார் கில்லி, க்ரையர் இசையவில்லை. தன் பெயரை முகப்பில் தாங்கிய இடம் அந்த நிலையில் இருப்பதைப் பொறுக்க முடியாமல் கில்லி வழக்குப் போட்டார். 1988-இல் நீதிமன்றம் அவருக்கு 1.7 கோடி டாலர் தரத் தீர்ப்பளித்தது. 1989-இல் கூடம் மூடியது. 1990 கோடையில் எரிந்தது. யாரோ வைத்த தீ என்று முடிவு கட்டினார்கள்.

க்ரையரைத் தீயவராக வரைய எனக்கு விருப்பமில்லை. அந்த இடத்தை எழுப்பியதில் அவர் உழைப்பு பாதி. ஆனால் ஒரு கூடத்தைத் தொடங்கத் தேவைப்படும் துணிச்சல் வேறு, அதைத் தாங்கத் தேவைப்படும் பொறுமை வேறு. பொறுமை என்பது குழாய் ஒழுகுகிறதா என்று பார்ப்பது, கழிப்பறையைக் கழுவுவது, கூரை ஆணியை மாற்றுவது. வந்த லாபத்தில் ஒரு பங்கை வருடந்தோறும் அந்தச் சுவருக்கே திருப்பிக் கொடுப்பது. பங்காளிகள் பேசுவதை நிறுத்திய நாளிலேயே அந்த இடம் முடிந்துவிட்டது. தீ வந்தபோது எரிக்க மரமும் தகரமும்தான் மிச்சம். கில்லி 2022 மே மாதம் காலமானார். அவர் பெயரில் டல்லாஸிலும் லாஸ் வேகஸிலும் கூடங்கள் எழுந்தன. ஸ்பென்சர் ஹைவேயில் இல்லை.

உடையவன் பாராத பயிர் உருப்படுமா என்பார்கள் நம் ஊரில். நெல் ஊரான கேட்டிக்கு இதைவிடப் பொருந்தும் சொல் இல்லை. இங்கே எனக்குள்ள கவலை, உடையவன் யார் என்பதே தெளிவில்லை என்பதுதான். 2020 கணக்கெடுப்பின்படி கேட்டி நகரத்தின் மக்கள்தொகை 21,894. ஆனால் கேட்டி பள்ளி மாவட்டத்தில் படிக்கும் பிள்ளைகளே 90,000-க்கு மேல். அதாவது "நான் கேட்டி" என்று சொல்லும் நம்மில் பெரும்பாலோர் நகர எல்லைக்கு வெளியே இருக்கிறோம். நகரசபைத் தேர்தலில் நமக்கு ஓட்டில்லை. பழைய ஊர் நம்முடையதல்ல என்று அவர்களும் நினைக்கலாம், நாமும் நினைக்கலாம். சியாட்டிலில் இருந்த உடைமையாளருக்கும், 5 மைல் தள்ளி இருந்துகொண்டு ஊரை எட்டிப் பார்க்காத நமக்கும் என்ன வித்தியாசம்?

பராமரிப்பு என்றால் என்ன என்று நமக்கு யாரும் கற்றுத் தர வேண்டியதில்லை. 12 வருடத்துக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்தும் வழக்கம் கொண்டவர்கள் நாம். பெயர்ந்த சுதையைப் பூசி, வண்ணம் தீட்டி, ஒழுகும் தளத்தை அடைத்து, அதையே விழாவாக ஆக்கிய புத்தி நம் முன்னோருடையது. ஹூஸ்டனை ஒட்டிய பியர்லாந்தில் 1980-களின் தொடக்கத்தில் எழுந்த மீனாட்சி அம்மன் கோயில் இன்றும் பொலிவோடு நிற்பதற்கு அந்தப் பழக்கமே காரணம். அந்தப் புத்தியைக் கோயில் மதிலுக்குள் மட்டும் ஏன் வைத்திருக்கிறோம்?

பழைய கேட்டியில் இன்னும் பார்க்கவேண்டியவை உண்டு. 1898-இல் கட்டிய ரயில் நிலையத்தை இடிக்காமல் பெயர்த்து வைத்து அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். கேட்டி ஹெரிடேஜ் சொசைட்டிக்காரர்கள் பழைய வீடுகளைக் கொண்டுவந்து ஒரு பூங்காவில் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். நெல் உலர்த்திய வளாகத்திலேயே 2010-இல் தொடங்கியது 'நோ லேபிள்' என்ற சிறு பியர் ஆலை. பழைய கட்டடத்துக்குப் புது வேலை கொடுத்தால் அது பிழைக்கும் என்பதற்குச் சாட்சி. ஊருக்கு வடக்கே மிஞ்சிய புல்வெளியையும் வலசைப் பறவைகள் இறங்கும் நீர்நிலைகளையும் 1992 முதல் ஓர் அறக்கட்டளை வாங்கி வாங்கிக் காத்து வருகிறது. இவற்றில் பல தன்னார்வலர்களின் கையால் நிற்பவை. அந்தக் கைகளில் தமிழ்க் கைகள் மிகக் குறைவு.

கேட்டியில் வீடு வாங்கியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். ஒரு சனிக்கிழமை காலை, தமிழ்ப் பள்ளி விட்டதும், பிள்ளைகளைப் பழைய ரயில் நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். அப்படியே நெல் வளாகத்தின் பக்கம் நடந்து காட்டுங்கள். ஊரிலிருந்து அப்பாவோ மாமாவோ வந்திருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள், நெல்லைப் பற்றி அவர்கள் சொல்வார்கள். அங்கே கையெழுத்து ஏடு வைத்திருந்தால் பெயரை எழுதிவிட்டு, மாதத்தில் ஒரு நாள் வேலை செய்ய ஆள் வேண்டுமா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.