ஒப்புக்குச் சப்பாணி

பள்ளிகளுக்கு மழை விடுமுறை என்று கலெக்டர் அறிவித்ததும் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், பெரியவர்களுக்குத் திண்டாட்டம். எங்கள் வீட்டுக் கூடத்தில் சேருகிற படையில் ஒருவனுக்குப் பார்வை கிடையாது. ஒருத்திக்கு மூளை முடக்குவாதம். கால் நிற்காது, விரல் இறுகப் பிடிக்காது. மற்றதுகளுக்கு வால் ஒன்றுதான் குறை.

இந்த இருவரையும் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வதுதான் ஊர் வழக்கம். அவுட் ஆக மாட்டார்கள், ஜெயிக்கவும் மாட்டார்கள். இந்தச் சலுகையின் லட்சணம் பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிடும். அதைவிட ஆட்டத்தைக் கொஞ்சம் வளைக்கலாம் என்பது என் கட்சி.

பல்லாங்குழிக்கு அந்த வேலையும் அதிகமில்லை. 14 குழி, குழிக்கு 5 வீதம் 70 புளியங்கொட்டை. அள்ளி ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே போகிற ஆட்டம். கண்ணைவிடக் கைக்குத்தான் வேலை. பையன் குழிக்குள் விரல் விட்டுத் துழாவுகிறான், நாலு சேர்ந்திருந்தால் "பசு!" என்று கத்தி அள்ளிக்கொள்கிறான். எதிராளி, தான் எந்தக் குழியை எடுக்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தாயத்தில் சோழியை உருட்ட வராதவளுக்கு எவர்சில்வர் டம்ளர். இரண்டு கையாலும் அணைத்துக் குலுக்கிக் கவிழ்க்கிறாள். சத்தம்தான் காதைப் பிளக்கும்.

உட்கார்ந்தே இருந்தால் உடம்பு சும்மா இருக்குமா? ஜன்னல் கம்பிக்கும் பீரோ கைப்பிடிக்கும் குறுக்கே பழைய துப்பட்டாவைத் தாழ்வாகக் கட்டினால் வலை. பந்துக்குப் பதில் பலூன், உள்ளே பத்துப் பதினைந்து அரிசி. கலகலவென்று வருகிற சத்தத்தை வைத்து அவன் அடிக்கிறான். பலூன் மெதுவாக இறங்குவதால் அவளுடைய கைக்கும் நேரம் கிடைக்கிறது. எல்லோரும் தரையில் உட்கார்ந்துதான் ஆட வேண்டும், பிட்டம் எழும்பினால் புள்ளி போச்சு. நான் கண்டுபிடித்த விதி அல்ல. உட்கார்ந்து ஆடும் வாலிபால் 1980 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. ஓடிப் பழகிய பயல்கள்தான் இதில் முதலில் மூச்சு வாங்குகிறார்கள். பலூன் வெடித்தால் துண்டுகளை உடனே பொறுக்கிவிட வேண்டும். சின்னது வாயில் போட்டுக்கொண்டால் தொண்டையை அடைத்துவிடும்.

போன மழையில் அந்தப் பையன் மடியில் நாலு புளியங்கொட்டையைப் பதுக்கியது பிடிபட்டது. "பாவம், விடுங்கடா" என்று அத்தை பரிந்துகொண்டு வந்தார். போங்காட்டம் ஆடினவனுக்கு என்ன பாவம் என்று அவனை ஓர் ஆட்டம் வெளியே உட்காரவைத்துவிட்டார்கள். அங்கிருந்தபடியே அவன் மற்றவர்களின் கணக்கில் தப்புக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தான். இரண்டு தடவை அவன் சொன்னது சரியாகவும் இருந்தது.