மலைச்சரிவு வீடுகள்

நோர்வேயின் மேற்குக் கரையிலுள்ள கெய்ராங்கர் என்ற சிற்றூரின் பியோர்ட் நூதனசாலைக்குச் சென்றிருந்தேன். பனியாறு குடைந்த பள்ளத்தில் கடல் புகுந்து, மலைகளுக்கிடையே நீண்டு கிடப்பதே பியோர்ட். அதன் செங்குத்துச் சரிவுகளில் ஆடு வளர்த்து மக்கள் வாழ்ந்தனர். விளையாடும் பிள்ளை விழுந்துவிடாதிருக்கத் தாய்மார் கயிற்றால் கட்டிவைப்பார்களாம்.

பாறை விழும் அபாயத்தால் க்னிவ்ஸ்புலோ பண்ணைக் குடும்பங்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளியேறின. 1934 இல் அயலிலுள்ள தாபியோர்டில் மலை சரிந்து எழுந்த அலை 40 உயிர்களைப் பலிகொண்டது. இன்று ஒகர்னெசெட் மலையின் வெடிப்பைக் கருவிகள் இரவுபகலாக அளக்கின்றன. எச்சரிக்கை வந்தால் கரையோர மக்கள் மேட்டுக்குப் போய்விட வேண்டும்.

அன்று விட்டுப்போன வீடுகளைத் தன்னார்வலர்கள் திருத்திப் பேணுகிறார்கள். சகோதரிகளே, பிள்ளைகளின் உயிர் காக்க வீட்டை விட்டு எழுந்தவள் தோற்றவள் அல்லள்.