மூன்றாம் ஊசி

நெல்லியடியில் சின்னதாக ஒரு கொமினிகேஷன் நடத்துகிறேன். போட்டோகொப்பி, லமினேற்றிங், இறந்தவர்களின் 31ஆம் நாளுக்கு நினைவு மலர். மாசி மாதம் ஒரு மலருக்கு அட்டை அமைத்துக்கொண்டிருந்தபோது, படத்திலிருந்த ஐயாவின் வெள்ளை வேட்டி கண்முன்னே மஞ்சளாகிப் போனது. பக்கத்தில் இருந்த மகள் பதறிவிட்டார். "என்ன தம்பி, அப்பாவின்ரை வேட்டிக்கு மஞ்சள் பூசிப்போட்டியள்?"

"பொறுங்கோ அக்கா" என்று தாளில் அடித்துக் காட்டினேன். வேட்டி வெள்ளைதான். ஆக, கொம்பியூட்டர் சுகம். மொனிற்றரின் பொத்தானை அமுக்கினேன். அதன் மெனு நல்ல நீலத்தில் வந்தது. அந்த மெனுவை மொனிற்றரே வரைகிறது, கேபிள் வழியாக வருவதில்லை. அப்போ மொனிற்றரும் சுகம். இந்தப் புத்தி வருவதற்குள் ட்றைவரை இரண்டு தரம் அழித்துப் போட்டு ஒரு பின்னேரத்தை வீணாக்கியிருந்தேன்.

மிச்சம் இரண்டையும் இணைக்கும் விஜிஏ கேபிள்தான். அதைக் கழற்றி ரோச் வெளிச்சத்தில் பார்த்தேன். செருகியில் மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து ஊசி. முதல் வரிசையில் மூன்றாவது சரிந்து நின்றது. நடுவரிசையில் ஒன்பதாவது இடம் வெறும் ஓட்டை. முறிந்துவிட்டது என்று நினைத்துத்தான் இந்தச் செருகியின் பூர்வீகத்தைத் தேடப் போனேன்.

அது முறியவில்லை. ஐ.பி.எம். கொம்பனி 1987 ஏப்ரல் 2ஆம் திகதி பிஎஸ்/2 கொம்பியூட்டர்களோடு விஜிஏயை அறிமுகப்படுத்தியபோதே ஒன்பதாம் இடத்தை வெறுமையாக விட்டிருந்தது. பிறகு அந்த இடத்துக்கு 5 வோல்ற் மின் கொடுத்தார்கள். ஆனாலும் கனபேர் அந்த ஊசி இல்லாமலே கேபிள் செய்கிறார்கள். வெளியே இருக்கும் தகர ஓடு இன்னும் பழசு. அமெரிக்காவின் கனன் கொம்பனி 1952இல் கொண்டுவந்தது. தலைகீழாகச் செருக முடியாதபடி ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் ஒடுக்கம். முதலில் ஒன்பது ஊசிக்கென்று இருந்த அதே அளவு ஓட்டுக்குள்தான் பதினைந்தை நெருக்கி வைத்திருக்கிறார்கள். இந்த ஊசிகள் இவ்வளவு மெல்லிசாக இருப்பதும் அதனால்தான்.

1987 ஏப்ரல் என்றதும் என் மனம் வேறெங்கோ போனது. அடுத்த மாதம் 26ஆம் திகதி எங்கள் வடமராட்சியில் இராணுவத்தின் 'ஒபரேஷன் லிபரேஷன்' நடவடிக்கை தொடங்கியது. நாங்கள் பாயும் பானையுமாகக் கோயிலில் இருந்தோம். அதன்பிறகு தொண்ணூறுகளில் மின்சாரமே இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட சனம் நாங்கள். இந்தச் செருகி என் மேசைக்கு வர நல்ல காலம் எடுத்திருக்கிறது.

மஞ்சளுக்குக் காரணம் எளிது. முதல் ஊசி சிவப்பு, இரண்டாவது பச்சை, மூன்றாவது நீலம். ஒவ்வொரு நிறமும் தனிக் கம்பியில், 0 முதல் 0.7 வோல்ற் வரை ஏறி இறங்கி வருகிறது. மூன்றும் சேர்ந்தால்தான் திரையில் வெள்ளை. நீலம் அறுந்தால் மிஞ்சும் சிவப்பும் பச்சையும் மஞ்சளாகத் தெரியும். பச்சை அறுந்திருந்தால் ஐயா ஊதாச் சிவப்பு வேட்டியோடு இருந்திருப்பார்.

ஊசி எப்படிச் சரிந்தது? தைப்பொங்கலுக்குக் கடைக்கு வெள்ளையடிக்க மேசையை இழுத்தவன் நான். திரும்பச் செருகும்போது எட்டிப் பார்க்கப் பஞ்சிப்பட்டு, கைத்தடவலில் அமத்தியவனும் நானே. ஸ்குரூ இரண்டையும் இறுக்கவுமில்லை. தொட்டும் தொடாமலும் ஒரு மாதம் ஓடியிருக்கிறது.

மை முடிந்த பேனைக் குழாயை ஊசியின்மேல் மாட்டி, மெதுவாக நிமிர்த்தினேன். ஒரு தரம் நிமிரும். திரும்பத் திரும்ப வளைத்தால் முறிந்துவிடும். இன்டெல், ஏஎம்டி போன்ற கொம்பனிகள் 2015க்குள் விஜிஏயைக் கைவிடுவோம் என்று 2010இலேயே அறிவித்துவிட்டன. என் கடையில் அது இன்னும் உழைக்கிறது.

உங்கள் திரையும் ஒருநாள் மஞ்சளானால், கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடமுதல் மொனிற்றரின் மெனுவை ஒருக்கால் திறந்து பாருங்கோ.