பில் போடப் பழகினேன்

வீட்டிலிருந்தபடியே நாலு காசு சம்பாதிக்கும் சகோதரிகளில் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், அவர்களிடம் ஒரு கேள்வி: சென்ற வாரம் நீங்கள் எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள்? உத்தேசக் கணக்கு வேண்டாம். சரியாகச் சொல்லுங்கள், பார்க்கலாம்.

விழிக்கிறீர்கள் அல்லவா? மூன்று வருஷத்துக்கு முன்பு இதே கேள்வியை என் அக்கா மகள் கேட்டபோது நானும் இப்படித்தான் விழித்தேன்.

நான் இங்கிலீஷிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துக் கொடுப்பவள். இலக்கியம் என்று நினைத்துவிடாதீர்கள். குக்கரோடு வரும் விளக்கப் புத்தகம், சோப்பு விளம்பரம், இன்ஷூரன்ஸ் நிபந்தனைகள், இப்படிப்பட்ட சரக்குத்தான். பெங்களூரிலும் மும்பையிலும் இருக்கும் ஏஜென்சிகள் அனுப்பும்; நான் செய்து திருப்பி அனுப்புவேன். சொல்லுக்கு இத்தனை பைசா என்று கூலி. மாசக் கடைசியில் ஒரு கடிதம் மாதிரி பில் எழுதி அனுப்புவேன். பணம் வந்தால் வந்தது. வராவிட்டால், ஞாபகப்படுத்துவது மரியாதையாக இருக்குமா என்று நாலு நாள் யோசிப்பேன்.

அந்த வருஷம் ஒரு பெரிய வேலை வந்தது. 18,000 ரூபாய் பேசியிருந்தது. வேலையை முடித்துக் கொடுத்த பிறகுதான் திருவிழாவே ஆரம்பமாயிற்று. 'இந்த வரி கொஞ்சம் இனிமையாக இருக்கட்டும்', 'அந்த வரி பழையபடியே போதும்' என்று திருத்தங்கள் வந்துகொண்டே இருந்தன. பத்து நிமிஷக் காரியம்தானே என்று ஒவ்வொன்றையும் செய்து கொடுத்தேன். பணம் வந்து சேர நாலு மாசம் ஆயிற்று. அக்கா மகள் என் ஈமெயில்களைத் தேதிவாரியாகப் புரட்டி, ஒரு காகிதத்தில் கூட்டி என் முன்னே வைத்தாள். குறைந்தபட்சம் 150 மணி நேரம். அதாவது, மணிக்கு 120 ரூபாய்.

"சித்தி, உங்க மிக்ஸியை ரிப்பேர் பண்ண வந்தவர் எவ்வளவு வாங்கினார்?" என்று கேட்டாள்.

"அரை மணிக்கு முந்நூறு" என்றேன். அதற்கு மேல் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

நாங்கள் இருப்பது காலடிப்பேட்டை. யாருடைய காலடி என்று கேட்பவர்கள் உண்டு. காலடியும் இல்லை, கையடியும் இல்லை. 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த ஜோசப் காலட் என்ற வெள்ளைக்காரர், கம்பெனிக்குத் துணி நெய்ய நெசவாளர்களைக் குடியேற்றிய இடம். காலட் பேட்டை நாளாவட்டத்தில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் கம்பெனி முன்பணம் கொடுக்கும். துணி வந்ததும் விரித்துப் பார்த்துத் தரம் பிரிக்கும். தரம் குறைந்ததென்றால் விலையும் குறைந்துவிடும். நெசவாளி எத்தனை நாள் தறியில் உட்கார்ந்தான், அவன் மனைவி எத்தனை நாள் நூல் இழைத்தாள் என்று கேட்பார் இல்லை. இன்று எங்கள் பேட்டையில் மெட்ரோ ரயில் நிற்கிறது. 2021 பிப்ரவரியிலிருந்து நிற்கிறது. ஆனால் அந்த நெசவாளிக்கும் எனக்கும் தறிக்குப் பதில் மடிக்கணினி என்ற ஒரு வித்தியாசத்தைத் தவிர வேறொன்றும் எனக்குப் புலப்படவில்லை.

அக்கா மகள் டோல்கேட் பக்கம் ஒரு மாடி அறையில் நாலு பேரை வைத்துக்கொண்டு சின்னதாக விளம்பர ஏஜென்சி நடத்துகிறாள். அவளுக்கும் அந்தச் சமயம் நேரக் கணக்கு வைக்கவும் பில் போடவும் ஒரு சாஃப்ட்வேர் வேண்டியிருந்தது. ஆகவே இருவரும் சேர்ந்தே தேடக் கிளம்பினோம்.

புடவைக் கடைக்குப் போன கதைதான். விரித்துப் போட்டதெல்லாம் அழகாகத்தான் இருந்தது. டோகிள் என்று ஒன்று, எஸ்டோனியா தேசத்தில் 2006-இல் பிறந்தது. பொத்தானைத் தட்டினால் கடிகாரம் ஓடும், மறுபடி தட்டினால் நிற்கும். ஹார்வெஸ்ட் என்று ஒன்று, அதே வருஷம் நியூயார்க்கில் பிறந்தது. நேரத்தைக் கணக்கிட்டு அதையே பில்லாகவும் மாற்றிக் கொடுக்கும். ஃப்ரெஷ்புக்ஸ் என்பதன் கதை எனக்கு மிகவும் பிடித்தது. டொரன்டோவில் மைக் மெக்டெர்மென்ட் என்பவர் 2003-இல் ஒரு பழைய பில்லின் மேலேயே புதுப் பில்லை அடித்துச் சேமித்துவிட்டாராம். பழையது போயே போய்விட்டது. அந்த ஆத்திரத்தில் தாமே ஒரு பில் சாஃப்ட்வேர் எழுதத் தொடங்கி, மூன்றரை வருஷம் பெற்றோர் வீட்டு நிலவறையில் உட்கார்ந்து தொழிலை வளர்த்தார். நானும் பழைய பில்லின் மேலேயே புதியதை அடிக்கிறவள்தான். எனக்கு ஆத்திரம் வரவில்லை, அவ்வளவுதான். நம் ஊர்ச் சரக்கும் இருக்கிறது. 1996-இல் தொடங்கிய ஸோஹோ கம்பெனியார் தங்கள் இன்வாய்ஸ் சாஃப்ட்வேரை 2021-இல் இலவசமாக்கினார்கள். அதில் மணிக்கணக்கும் எழுதலாம், பில்லும் போடலாம்.

வெளிநாட்டுச் சரக்கில் பல, ஆள் ஒன்றுக்கு மாதம் இத்தனை டாலர் என்று வாங்குகின்றன. ஒண்டிக்காரியான எனக்கு அது பெரிதில்லை. ஐந்து பேர் இருக்கும் இடத்தில் வருஷக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் ஒரு மாச வாடகை காணாமல் போயிருக்கும்.

முதலில் நான் எடுத்தது, பொத்தானைத் தட்டினால் ஓடும் கடிகாரம். ஒரு நாள் மாலை தட்டிவிட்டு உட்கார்ந்தேன். பால்காரர் வந்தார், அப்புறம் எதிர்வீட்டம்மாள் வந்தார், அப்புறம் இட்லிக்கு அரைத்தேன், அப்புறம் தூங்கியே போய்விட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் சோப்பு விளம்பரத்துக்கு நான் பதினோரு மணி நேரம் உழைத்திருப்பதாக அது சொல்லிற்று! நல்லவேளை, பில் அனுப்புவதற்கு முன் பார்த்தேன். ஆகவே சகோதரிகளே, விலையைப் பார்க்கும் முன் இதைப் பாருங்கள்: கை ஓய்ந்திருந்தால் 'இருக்கிறாயா?' என்று கேட்கிறதா, தப்பாக ஓடிய மணியைப் பின்னால் திருத்த விடுகிறதா, மின்சாரமோ இன்டர்நெட்டோ போனால் அதுவரை எழுதியதைக் காப்பாற்றுகிறதா? நம் வீடுகளில் இந்த மூன்றும் இல்லாத கடிகாரம் அலங்காரத்துக்குத்தான் ஆகும்.

ஒரு விஷமம் செய்து பார்த்தேன். சமையலுக்கும் துணி மடிப்பதற்கும் ஒரு வாரம் கடிகாரத்தை ஓட விட்டேன். நாளைக்கு ஐந்து மணிக்குக் குறையவில்லை. 2019-இல் மத்திய சர்க்கார் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதில் நாளொன்றுக்கு 299 நிமிஷமும், செய்கிற ஆண்கள் 97 நிமிஷமும் செலவிடுவதாக வந்திருக்கிறது. ஆக நான் தேசத்தோடு ஒத்துத்தான் போகிறேன். பில்லை யாருக்கு அனுப்புவது என்றுதான் தெரியவில்லை. என் கணவர் அந்த வாரம் முழுவதும் என் செல்போன் பக்கமே திரும்பவில்லை.

பில் விஷயத்தில் நான் பட்ட அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். என் பில்லில் நூற்றுக்குப் பத்து வருமான வரிப் பிடித்தம் செய்துகொண்டுதான் ஏஜென்சிக்காரர்கள் அனுப்புவார்கள். 18,000 என்றால் கைக்கு வருவது 16,200. பாக்கி 1,800 நம் பேரில் சர்க்காரில் வரவாகும். கணக்குத் தாக்கல் செய்யும்போது அனுசரித்துக்கொள்ளலாம். நான் அப்போது வைத்திருந்த அயல்நாட்டு சாஃப்ட்வேருக்கு இந்த சமாசாரம் தெரியாது. பாக்கி 1,800 ரூபாய் இருக்கிறதென்று தீர்மானித்து, வாரந்தோறும் வாடிக்கையாளருக்கு நினைவூட்டுக் கடிதம் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று! கடைசியில் அவர்களுடைய கணக்கர் டெலிபோனில் கூப்பிட்டு, "அம்மா, டி.டி.எஸ். சர்டிபிகேட் அனுப்பிவிட்டோமே, இன்னும் என்ன?" என்று கேட்டபோது எனக்கு முகம் எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பிடித்தத்தை வரவு வைக்கத் தெரிந்த, இந்தியாவுக்கென்று செய்த பதிப்புதான் வேண்டும் என்று அன்றைக்குத் தீர்மானித்தேன்.

ஜி.எஸ்.டி.யைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் பலர். சேவை செய்து சம்பாதிக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு வருஷ வரவு 20 லட்சம் தாண்டும்வரை பதிவு கட்டாயமில்லை. பதிவு இல்லாதவர்கள் பில்லில் அந்த வரியைப் போட்டு வசூலிக்கவும் கூடாது. பதிவு செய்துகொண்டால், பில் எண் வரிசை தப்பாமல், 16 எழுத்துக்குள், ஒரு வருஷத்தில் ஒரே எண் இரண்டு தடவை வராமல் இருக்க வேண்டும். அக்கா மகளுக்கு இதை சாஃப்ட்வேரே பார்த்துக்கொள்கிறது.

ஆனால் பலருக்குத் தெரியாத ஒன்று, 2006-ஆம் வருஷத்துச் சிறுதொழில் சட்டம். உத்யம் என்ற பதிவு 2020 ஜூலையிலிருந்து இருக்கிறது. காசு கொடுக்க வேண்டாம், வீட்டிலிருந்தே செய்யலாம். பதிவு செய்த சிறுதொழில்காரரின் வேலையை ஒருவர் ஏற்றுக்கொண்டால், எழுத்தில் கெடு பேசியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது. எழுத்தில் ஒன்றுமில்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால், ரிசர்வ் பாங்க் விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாசா மாசம் கூட்டு வட்டி. போதாததற்கு, கெடு தாண்டிய பில்லைப் பணம் கொடுக்கும் வரையில் செலவாகக் காட்டி வரி குறைத்துக்கொள்ள முடியாது என்று 2024 ஏப்ரலிலிருந்து கம்பெனிகளுக்கு ஒரு கடிவாளமும் போட்டிருக்கிறார்கள். நான் வட்டி கேட்டு யாருக்கும் எழுதியதில்லை. பில்லின் அடியில் உத்யம் எண்ணையும் பணம் வர வேண்டிய தேதியையும் அச்சடித்தேன். அவ்வளவுதான். நாலு மாசம் நாற்பது நாளாயிற்று. கூடவே, இரண்டு திருத்தம் கூலிக்குள் அடக்கம், மூன்றாவதிலிருந்து மணிக்கணக்கு என்றும் ஒரு வரி சேர்த்தேன். ஒரு ஏஜென்சி மறு மாசமே என்னைக் கைவிட்டது. இரண்டு நாள் வருத்தமாகத்தான் இருந்தது.

எங்கள் இருவருக்கும் சண்டை வந்தது வேறொரு இடத்தில். ஏஜென்சிக்கு அக்கா மகள் பார்த்து வைத்திருந்த சாஃப்ட்வேர் மணியை மட்டும் எண்ணுவதில்லை. சில நிமிஷங்களுக்கு ஒரு தரம், வேலை செய்பவரின் கணினித் திரையைத் தானாகப் படம் பிடித்து முதலாளிக்குக் காட்டும். அப்வொர்க் போன்ற இடங்களில் மணிக்கூலிக்கு வேலை செய்கிறவர்களுக்கு இது பழக்கமான விஷயம்தான்.

"எல்லாரும் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறாங்க, சித்தி. எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

அவளிடம் எர்ணாவூரிலிருந்து ஒரு பெண் வேலை செய்கிறாள். ஏழு மாசக் கைக்குழந்தை. அவளுடைய திரையில் என்ன இருக்கிறது என்று அவ்வப்போது எட்டிப் பார்க்கப் போகிறாயா என்று கேட்டேன். பேச்சு தடித்துவிட்டது. "உங்களுக்கு ஆள் வச்சு வேலை வாங்கின அனுபவம் இல்லை" என்றாள். "வேலை செய்த அனுபவம் இருக்கிறது" என்றேன். அதற்குப் பிறகு பத்து நாள் டெலிபோன் இல்லை.

அந்தப் பத்து நாளில் என் அப்பா அடிக்கடி நினைவுக்கு வந்தார். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை. காலையில் சங்கு ஊதும். வாசலில் அட்டையை மெஷினில் செருகி நேரம் பதிப்பார். 1888-இல் அமெரிக்காவில் வில்லார்ட் பண்டி என்ற நகைக்கடைக்காரர் கண்டுபிடித்த மெஷினின் வம்சம் அது. அந்த நேரக் கடிகாரக் கம்பெனிகள் ஒன்றோடொன்று சேர்ந்துதான் பிற்பாடு ஐ.பி.எம். ஆயிற்று. அட்டை கம்பெனியிடம் இருக்கும். ஆனால் அப்பாவின் சட்டைப் பையில் தனியாக ஒரு டைரி உண்டு. தினமும் வீட்டுக்கு வந்ததும், காப்பிக்கு முன்னால், வந்த நேரம், போன நேரம், ஓவர்டைம் எல்லாம் பென்சிலால் எழுதிவிடுவார். ஒரு மாசம் ஓவர்டைமில் ஆறு மணி குறைந்தது. டைரியை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார். சத்தம் போட்டாரா என்று எனக்குத் தெரியாது. போடுகிற மனிதர் இல்லை. அடுத்த சம்பளத்தில் அந்த ஆறு மணி வந்து சேர்ந்தது.

அக்கா மகளுக்கும் அவர் தாத்தாதான். பதினோராவது நாள் அந்த டைரிகளில் ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு டோல்கேட்டுக்குப் போனேன். ஒன்றும் சொல்லாமல் மேஜை மேல் வைத்தேன். அவள் புரட்டிப் பார்த்தாள். "தாத்தா கையெழுத்து எவ்வளவு பொடிசு!" என்றாள். பிறகு காப்பி வரவழைத்தாள்.

படம் பிடிக்கிற சாஃப்ட்வேரை அவள் வாங்கவில்லை. ஒவ்வொருவரும் தன் மணியைத் தானே எழுதி, எந்த வாடிக்கையாளருக்கு, என்ன வேலை என்று குறித்து, சாயங்காலம் அனுப்புகிற மாதிரி ஒன்றை எடுத்தாள். எழுதியதை அவரவரும் எப்போது வேண்டுமானாலும் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம். சாஃப்ட்வேரை மாற்றினாலும் கணக்கு கையை விட்டுப் போகாது. பில்லுக்கு நான் வைத்திருக்கும் அதே ஸோஹோவையே அவளும் எடுத்துக்கொண்டாள். அவளுடைய ஏஜென்சி ஒரு வாடிக்கையாளருக்குப் பேசிய கூலியைப் போல் ஒன்றரை மடங்கு உழைப்பதும் அந்தக் கணக்கில்தான் வெளிப்பட்டது. ஆனால் அது அவள் சொல்ல வேண்டிய கதை.

போன மாசக் கடைசியில் கணக்கைத் திறந்து எனக்குக் காட்டினாள். எர்ணாவூர்ப் பெண்ணின் பக்கத்தில் தினமும் நடு நடுவே இருபது நிமிஷம், இருபத்தைந்து நிமிஷம் கழித்து, எதிரே 'குழந்தை' என்று எழுதியிருந்தது. அப்படி எழுதும்படி யாரும் சொல்லவில்லை. அவ்வளவையும் கழித்த பிறகும் ஐந்து பேரில் அவளுடைய மணிதான் அதிகம்.

"இதையெல்லாம் எழுத வேண்டாம்னு சொல்லட்டுமா, சித்தி?" என்று கேட்டாள்.

"இருக்கட்டும், அது அவள் டைரி" என்றேன்.