சார்ஜ் ஒப்படைத்த கதை

போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் ஸ்வீட் பாக்கெட்டோடு வந்தான். வங்கியில் வேலை. கும்பகோணத்துக்கு மாற்றல் வந்திருக்கிறது.

"சார்ஜ் எல்லாம் ஒப்படைச்சாச்சு அங்கிள். அரை மணி நேரத்துல முடிஞ்சுது. எல்லாமே கம்ப்யூட்டர்லயே இருக்கே" என்றான்.

சந்தோஷம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. 2010ல் நானும் இப்படித்தான் ஒரு மதியத்தில் சார்ஜ் ஒப்படைத்தேன். 43 கோப்புகள், 6 ரிஜிஸ்டர்கள், ஒரு பீரோ சாவி. கையெழுத்துப் போட்டு முடிய ஒன்றரை மணி நேரம். ஒப்படைக்காமல் விட்டது ஒன்று உண்டு. அதைப் பற்றி இதுவரை இங்கே எழுதியதில்லை.

முதலில் என் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொன்மலைக்காரர்கள் என்றாலே ஒர்க்‌ஷாப் ஆட்கள் என்று வெளியூரில் நினைப்பார்கள். எங்கள் அப்பா ஒர்க்‌ஷாப் இல்லை, ஸ்டீம் இஞ்சின் டிரைவர். மீட்டர் கேஜ் காலம். பள்ளிக்கூட லீவில் ஒருமுறை அவருக்குச் சாப்பாட்டுக் கேரியர் எடுத்துக்கொண்டு ஜங்ஷனுக்குப் போனேன். அடுத்த டிரைவர் வந்து ஏறியாகிவிட்டது. ரிப்பேர் புக்கில் எல்லாம் எழுதியும் ஆகிவிட்டது. அப்பா இறங்கவே இல்லை. நான் வெயிலில் நிற்கிறேன். அவரோ அந்த ஆளிடம், "இடது பக்க இன்ஜெக்டர் சண்டித்தனம் பண்ணும், ரெண்டு தட்டு தட்டினா எடுக்கும். மேடு ஏறறப்ப தண்ணியைப் பாத்துக்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கீழே வந்ததும், "அதான் புக்ல எழுதிட்டீங்களேப்பா" என்றேன். "புக்ல எழுதினது ஷெட்டுக்கு. இவன்கிட்ட சொன்னது வண்டிக்கு" என்றார்.

அப்போது புரியவில்லை. புரிய வேண்டிய வயதில் எனக்கு ஞாபகம் வரவும் இல்லை.

நான் 1983ல் நன்னடத்தை அலுவலராக வேலையில் சேர்ந்தேன். அப்போது 1920ஆம் வருஷத்துச் சென்னைக் குழந்தைகள் சட்டம்தான் நடைமுறையில் இருந்தது. இந்தியாவிலேயே குழந்தைகளுக்கென்று முதலில் வந்த சட்டம் நம்முடையது. அதற்குப் பிறகு 1986ல் ஒரு சட்டம், 2000ல் ஒரு சட்டம், நான் ஓய்வு பெற்ற பின் 2015ல் இன்னொன்று. ஆதரவில்லாத குழந்தைகளைக் கோர்ட்டில் நிறுத்திய காலம் போய், ஒவ்வொரு மாவட்டத்திலும் குழந்தை நலக் குழு வந்தது. தலைவர் ஒருவர், உறுப்பினர் நான்கு பேர். குழந்தை கையில் கிடைத்த 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் போக, அவர்கள் முன்னால் கொண்டுபோக வேண்டும்.

ஆரம்ப காலத்தில் எல்லாம் ஒரே ஆள்தான். வீடு தேடிப் போய் விசாரிப்பதும் நான்தான், குழந்தை வீடு திரும்பிய பிறகு போய்ப் பார்ப்பதும் நான்தான். அது பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். கோப்பு குவிந்து கிடக்கும், போய்ப் பார்ப்பது பாதி நேரம் காகிதத்தில்தான் நடக்கும். விசாரணையில் நான் தப்பாகப் புரிந்துகொண்டால் திருத்த இன்னொரு ஆளும் இல்லை. பிறகு வேலையைப் பிரித்தார்கள். 1098க்குப் போன் வந்தால் போய்க் கூட்டி வருகிறவர் ஒருவர், விசாரித்து அறிக்கை எழுதுகிறவர் ஒருவர், அதன் பிறகு படிப்பு, மருத்துவம், குடும்பம் என்று கூடவே இருந்து பார்க்கும் கேஸ் ஒர்க்கர் ஒருவர்.

பிரித்தது சரிதான். இரண்டும் வேறு வேறு வேலை. விசாரிக்கிறவன் 'என்ன நடந்தது, சொல்வது உண்மையா?' என்று கேட்கிறவன். அவன் வேலைக்கு ஒரு முடிவு உண்டு, அறிக்கை கொடுத்தால் தீர்ந்தது. கேஸ் ஒர்க்கர் 'இனி என்ன செய்யலாம்?' என்று கேட்கிறவர். அவருக்கு முடிவே கிடையாது. இந்த இருவருக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அந்த இடத்தில்தான் குழந்தைகள் விழுகிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். பையனுக்கு ஒன்பது, பத்து வயது இருக்கும். பெயரும் ஊரும் சொல்ல மாட்டேன். சட்டமும் கூடாது என்கிறது, நியாயமும் இல்லை. சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். சின்னவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திருச்சி ஜங்ஷனைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விழுப்புரம், தஞ்சாவூர், கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டை என்று எல்லாப் பக்கமும் தண்டவாளம். வீட்டை விட்டுக் கிளம்பும் பிள்ளை எந்த வண்டியில் ஏறினாலும் இங்கே வந்து இறங்கிவிடும். சின்னவனும் அப்படி வந்தவன்தான். நலக் குழு முன்னால் நிறுத்தி, ஒரு இல்லத்தில் தங்க வைத்தார்கள். விசாரணை என்னிடம் வந்தது.

முதல் இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. யோசித்துப் பாருங்கள். ரயில்வே போலீஸ், 1098 ஆட்கள், இல்லத்தில் பெயர் பதிகிறவர், கவுன்சிலர், வார்டன், குழு என்று ஆறு இடத்தில் 'உன் பேர் என்ன, ஏன் ஓடி வந்தே' என்று கேட்டாகிவிட்டது. நான் ஏழாவது ஆள். மூன்றாம் நாள் ஆபீஸ் அறைக்குள் கூப்பிட்டேன், வர மறுத்தான். கதவு ஆடிக்கொண்டிருந்தது, அதையே பார்த்தான். சரி என்று வராந்தாவிலேயே உட்கார்ந்தோம். பன்னும் டீயும் வாங்கி வரச் சொன்னேன். பன்னை டீயில் முக்கித் தின்றுகொண்டே சொன்னான்.

அம்மா இல்லை. அம்மாவின் இரண்டாவது புருஷன் வேலைக்குப் போகும்போது இவனை அறையில் போட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போவான். பகல் முழுக்க. குடித்துவிட்டு வராமல் இருந்தால் ராத்திரியும். "கதவைச் சாத்தினா மூச்சு வராது சார்" என்றான்.

பிறகு தினமும் பேசினான். நான் கிளம்பும்போது, "நாளைக்கு வருவீங்களா சார்?" என்பான். "வரேன்டா" என்பேன்.

அறிக்கை எழுதினேன். படிவத்தில் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. பெயர், வயது, குடும்பம், படிப்பு, வருமானம், நோய், வீட்டை விட்டு வந்த காரணம். 'மாற்றாந்தந்தையின் கொடுமை' என்று எழுதினேன். அம்மா வழிப் பாட்டி ஒரு கிராமத்தில் இருப்பதாகத் தெரிகிறது, விசாரிக்கலாம் என்று எழுதினேன். கதவைச் சாத்தினால் மூச்சு வராது என்பதற்குக் கட்டம் இல்லை. கேஸ் ஒர்க்கரை நேரில் பார்க்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரமே எனக்குப் பக்கத்து மாவட்டத்துக்கு மாற்றல். வீட்டில் பெண்ணுக்குப் பரீட்சை, அங்கே வீடு பார்க்க வேண்டும், ஆயிரம் வேலை. சார்ஜ் வாங்க வந்தவரும் அவசரத்தில் இருந்தார். 43 கோப்பையும் எண்ணிக் கொடுத்தேன். இல்லத்துக்குப் போகவில்லை. முந்தின நாள் பையனிடம் கடைசியாகச் சொன்னது, "போயிட்டு வரேன்டா."

நம் ஊரில் யாரும் 'போகிறேன்' என்று சொல்வதில்லை. அபசகுனம். சாவு வீட்டைத் தவிர எங்கிருந்து கிளம்பினாலும் 'போய்ட்டு வரேன்'தான். நமக்கு அது வெறும் பழக்கம். அந்தப் பையனுக்கு அது வாக்கு.

ஒரு மாதத்துக்குப் பிறகு ஒரு போன். இல்லத்தில் புதிதாகச் சேர்ந்த கேஸ் ஒர்க்கர். எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு வந்த சின்னப் பெண். கோப்பின் கடைசித் தாளில் என் நம்பரைத் தேடி எடுத்திருக்கிறாள்.

"சார், பையன் ஓடிப் போய் 19 நாள் கழிச்சு ஈரோடு ஜங்ஷன்ல ஜுரத்தோட கிடைச்சான். உங்க ரிப்போர்ட்டை நாலு தடவை படிச்சுட்டேன். அவன் எதுக்கு இங்கேர்ந்து ஓடினான்னு அதுல ஒண்ணும் இல்லையே சார்?"

"ராத்திரி ஹால் கதவைப் பூட்டுவீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"ஆமா சார். பிள்ளைங்க பாதுகாப்புக்குத்தான், வெளியே பூட்டு போடுவாங்க."

பிறகு நான் சொன்னேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. "ஒரு தடவை வர முடியுமா சார்?" என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். சின்னவன் என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்தேன். கால் மணி நேரம் போயிருக்கும்.

"வரேன்னு சொன்னீங்க" என்றான்.

வேறெதுவும் கேட்கவில்லை. 27 வருஷ சர்வீஸில் மேலதிகாரி எவரிடமும் அப்படித் தலை குனிந்ததில்லை. "தப்புதான்டா. எனக்கு வேற ஊருக்கு மாத்திட்டாங்க. சொல்லிட்டுப் போயிருக்கணும்" என்றேன். அந்தப் பெண்ணையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். வராந்தாவில் மூன்று பேரும். மறுபடியும் பன், டீ.

"இனிமே நான் அடிக்கடி வர முடியாது. இந்த அக்காதான் தினமும் இருப்பாங்க. கதவு விஷயத்தை இவங்ககிட்ட நான் சொல்லட்டுமா, இல்ல நீயே சொல்றியா?" என்று கேட்டேன்.

போனிலேயே அவளிடம் சொல்லியாகிவிட்டது என்பது உங்களுக்குத் தெரியும். அவனிடம் அனுமதி கேட்டிருக்க வேண்டியது அதற்கும் முன்னால். அவன் அந்தப் பெண்ணை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தான். "நீங்களே சொல்லுங்க" என்றான். சொன்னேன். நடுவில் இரண்டு இடத்தில் என்னைத் திருத்தினான். கடைசியில் அவளைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தான். அந்த மதியம்தான் நான் நிஜமாகவே சார்ஜ் ஒப்படைத்தேன்.

அன்று ராத்திரியிலிருந்து அவன் படுக்கை வாட்ச்மேன் இருக்கும் வராந்தா ஓரம் மாறியது. செலவு ஒன்றும் இல்லை. பாட்டியைத் தேடிக் கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆனது. அதைச் செய்தது அந்தப் பெண்தான். குழு உத்தரவு போட்டு, பையன் பாட்டியோடு போனான். அந்தப் பெண் இரண்டு வருஷம் விடாமல் போய்ப் பார்த்து வந்தாள்.

எனக்கு இருந்த மூன்று வருஷ சர்வீஸில் அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். கோப்பு கை மாறும் நாளில், குழந்தை, நான், அடுத்து பார்க்கப் போகிறவர் மூன்று பேரும் ஒரு இடத்தில் உட்கார வேண்டும். எனக்குத் தெரிந்ததைக் குழந்தைக்கு எதிரிலேயே சொல்வேன். கட்டத்தில் அடங்காததைத் தனித் தாளில் எழுதிக் கோப்பின் மேலேயே வைப்பேன். எதைப் பார்த்துப் பயம், யாரைப் பற்றிக் கேட்டால் அழும், எது கொடுத்தால் சாப்பிடும் என்று. 'இனி நான் வர மாட்டேன்' என்பதை வாய் விட்டுச் சொல்லுவேன். சில பிள்ளைகள் அழுவார்கள். அழட்டும். ஜன்னலைப் பார்த்துக் காத்திருப்பதை விட அது தேவலை.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் விசாரிப்பது ஒரு அமைப்பு, பிறகு கூடவே இருந்து கவனிப்பது உள்ளூர்த் தனி அமைப்புகள். கேஸ் மாறும்போது இரண்டு தரப்பும் கலந்து பேசி ஒப்படைக்கும் முறை அங்கே உண்டு. இங்கிலாந்தில் விக்டோரியா கிளிம்பி என்ற 8 வயதுப் பெண் 2000ஆம் வருஷம் உறவுக்காரப் பெண்மணியின் கொடுமையால் செத்துப் போனாள். 2003ல் லார்ட் லேமிங் கொடுத்த விசாரணை அறிக்கை, அவளைக் காப்பாற்ற 12 சந்தர்ப்பங்கள் இருந்தன என்றது. ஆஸ்பத்திரி, போலீஸ், சமூக சேவைத் துறை எல்லாருக்கும் அவளைத் தெரியும். ஒருவருக்குத் தெரிந்தது அடுத்தவருக்குப் போய்ச் சேரவில்லை. அதைப் படித்தபோது எனக்கு வியர்த்தது. என் பையன் ஈரோட்டில் ஜுரத்தோடு கிடைத்தான். கிடைக்காமலும் போயிருக்கலாம்.

நம் நாட்டிலும் 2023ல் ஒரு பெரிய கை மாற்றம் நடந்தது. 1996ல் மும்பையில் ஆரம்பித்து, தொண்டு நிறுவனங்கள் மூலம் நடந்துவந்த 1098 சேவையை, மிஷன் வாத்சல்யா திட்டத்தில் அரசாங்கமே எடுத்துக்கொண்டது. நம்பர் அதேதான். நல்லது கெட்டது பேச எனக்கு இப்போது பதவி இல்லை. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தோன்றியது ஒன்றுதான். எத்தனை அண்ணன்களும் அக்காக்களும் எத்தனை பிள்ளைகளிடம் 'போய்ட்டு வரேன்' என்று சொல்லிவிட்டு வந்திருப்பார்கள்?

கடைசியாக, படிக்கிற உங்களுக்கு ஒரு வார்த்தை. நம்மில் பாதிப் பேர் காலையில் ஜங்ஷன் பக்கமோ பொன்மலை ஸ்டேஷன் பக்கமோ நடக்கிறவர்கள். தனியாக நிற்கும் பிள்ளையைப் பார்த்தால் 1098க்கு அடியுங்கள். அடித்துவிட்டு வாக்கிங்கைத் தொடராதீர்கள். அவர்கள் வரும் வரை பக்கத்தில் நில்லுங்கள். யார் வரப் போகிறார்கள் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். வந்தவரிடம், பிள்ளை உங்களிடம் சொன்னதை, அது எவ்வளவு சின்ன விஷயமாக இருந்தாலும், பிள்ளைக்கு எதிரிலேயே சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். முதல் சார்ஜ் உங்கள் கையில்தான் இருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பையனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. நேற்று அவன் கும்பகோணம் கிளம்பும்போது மட்டும் கேட்டேன், "உன் இடத்துக்கு வந்தவர்கிட்ட உக்காந்து பேசினியாப்பா?"

"இல்லையே அங்கிள், ஏன்?" என்றான்.

"பென்ஷன் வாங்க வர்ற கிழவிங்கள்ல காது கேக்காதவங்க, கையெழுத்து மாறிப் போறவங்க யாருன்னு உனக்குத்தானே தெரியும். ஒரு போன் போட்டுச் சொல்லிடு" என்றேன்.

பஸ்ஸில் போகும்போதே பேசிவிடுகிறேன் என்றான்.